காருக்கும் பின்பாரம் ஆகாது: டிராக் ரேஸுக்கு உயரமும் ஷாக்கும் செட் செய்வது எப்படி?

ரேக்ளா பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு டிராக் ரேஸைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. அங்கே 200, 300 மீட்டர்; இங்கே 402 மீட்டர். இரண்டிலும் நேர்கோடுதான், கடிகாரம்தான். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கும், மாட்டுக்குப் பிடி கிடைக்காது. ஸ்விஃப்ட் மாதிரி முன்சக்கரம் இழுக்கும் காரும் கிளம்பும்போது அப்படித்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆளோடு சேர்த்து 1000 கிலோ, எடை மையம் அரை மீட்டர் உயரத்தில், முன்பின் அச்சுகளுக்கு நடுவே 2.4 மீட்டர். 0.4 ஜி முடுக்கத்தில் (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.4 பங்கு) கிளம்பினால் முன்சக்கரத்திலிருந்து சுமார் 83 கிலோ பின்னால் போய்விடும். காரை 3 செ.மீ. இறக்கினால் அது 78 ஆகும். மிச்சம் ஐந்தே கிலோ! இதற்காகத் தரையைத் தொடும்வரை இறக்கினால் பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) இடிக்கும், சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட் தண்டின் கோணம் கெடும். 2, 3 செ.மீ. போதும்.

முதலில் தரை. எங்கள் ஷெட்டில் இடதுபக்கம் தாழ்ந்திருக்கிறது என்று ஒரு மாதம் ஸ்பிரிங்கைத் திருகிக்கொண்டிருந்தேன். கொத்தனார் தண்ணீர் டியூப் பிடித்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது, கோணல் காரில் இல்லை, தரையில். நீங்களும் டியூப் பிடித்துவிடுங்கள்.

அப்புறம் நான்கு டயருக்கும் ரேஸில் வைக்கப்போகும் காற்று, டேங்கில் அதே அளவு பெட்ரோல், சீட்டில் உங்கள் எடைக்கு ஒரு ஆள். சக்கரத்தின் ஹப் நடுவிலிருந்து அதற்கு மேலே இருக்கும் ஃபெண்டர் தகட்டின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று ஏமாற்றிவிடும்.

ஜாக் போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே அடியில் கை வையுங்கள். காயிலோவரின் (உயரம் மாற்றக்கூடிய, ஸ்பிரிங் சுற்றிய ஷாக்) பூட்டு வளையத்தைத் தளர்த்தி, இடமும் வலமும் ஒரே எண்ணிக்கையில் திருகுங்கள். பின்பக்கம் முன்னைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். இறக்கிய உடனே அளக்காதீர்கள். நாலடி முன்னும் பின்னும் உருட்டினால்தான் ஸ்பிரிங் சரியாக உட்காரும்.

உயரம் மாறினால் அலைன்மென்ட்டும் மாறும். முன்சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்த்தால் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் கோணம்), கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சாய்ந்திருக்கும் கோணம்) இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி இருக்கட்டும்.

இனி ஷாக், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர். இதை இறுக்கினால் பின்னால் போகும் எடை குறைந்துவிடாது, நிதானமாகப் போகும். முன்னால் ரீபவுண்டை (ஷாக் நீளும்போது காட்டும் எதிர்ப்பு) இறுக்கினால் மூக்கு மெதுவாக எழும். பின்னால் கம்ப்ரஷனை (அமுங்கும்போது காட்டும் எதிர்ப்பு) இறுக்கினால் பின்பக்கம் சட்டென்று உட்காராது. ஒரு தடவைக்கு ஷாக்கின் திருகில் இரண்டே கிளிக். மேடுபள்ளமான தளத்தில் அதிகம் இறுக்கினால் டயர் குதிக்கும். பின்சக்கரம் தள்ளும் காருக்கு இதெல்லாம் தலைகீழ். அதற்குப் பின்பாரம்தான் வேண்டும்.

சோதனையை அவிநாசி ரோட்டில் வேண்டாங்க, கோவை செட்டிபாளையம் ரேஸ் தளம் மாதிரி மூடிய இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டில் நிற்கும்போது பின் ஷாக் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டேக்கை ஷாக்கின் உடம்போடு ஒட்டக் கட்டிவிடுங்கள். ஓடி நின்றதும் பாருங்கள். டேக் பம்ப் ஸ்டாப் வரை ஏறியிருந்தால் பின் கம்ப்ரஷனில் இன்னும் இரண்டு கிளிக்.