லினக்ஸ் லேப்டாப்ல ஸ்க்ரீன் மினுக்குதா? டிஸ்ப்ளே மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

டைப் பண்ணும்போது நாலு எழுத்து வராம நின்னுட்டு அப்புறம் மொத்தமா வந்து விழும், மவுஸை கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டு அசைச்சா ஒட்டிக்கிட்டு நிக்கும், இல்லனா ஸ்க்ரீன் பளிச் பளிச்சுனு மினுக்கும், ஆனா ஓரத்துல ஒரு வீடியோவை ஓடவிட்டா எல்லாம் சரியாயிடும். வீடியோ ஓடும்போது சரியாகுதான்னு முதல்ல பாருங்க, அதுதான் முக்கியமான துப்பு. எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் டிஸ்ப்ளே மாத்த கடைக்கே கெளம்பிட்டான், நான்தான் இதைப் பார்த்துட்டுப் போடான்னு நிறுத்தி வச்சேன்.

உள்ள என்ன நடக்குதுன்னா, பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ்னு ஒரு பவர் சேவிங் இருக்கு, சுருக்கமா பிஎஸ்ஆர் (பேனல்னா லேப்டாப்போட டிஸ்ப்ளே). திரையில எதுவும் மாறலைன்னா பேனல் தன்கிட்ட இருக்கிற மெமரில இருந்தே கடைசி படத்தைக் காட்டிக்கிட்டு இருக்கும், கிராஃபிக்ஸ் பக்கம் தூங்கப் போயிடும், பேட்டரி மிச்சம். திரும்ப எழும்போது டிரைவருக்கும் பேனலுக்கும் டைமிங் ஒத்துப்போகலைன்னா இந்த இழுவை வரும். வீடியோ ஓடும்போது படம் மாறிக்கிட்டே இருக்கிறதால அது தூங்கவே போறதில்ல. எச்டிஎம்ஐல வேற மானிட்டர் மாட்டி அதுல பிரச்சனை இல்லன்னா சந்தேகம் இன்னும் உறுதி, ஏன்னா பிஎஸ்ஆர் லேப்டாப்போட சொந்த பேனலுக்குத்தான்.

நிறைய பேர் உடனே பூட் ஆகும்போது நோமோட்செட்ங்கிற ஆப்ஷனைப் போடுன்னு சொல்லுவாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், அது டிரைவரையே ஓரங்கட்டிடும், ஸ்பீடு போயிடும், நமக்கு ஒரே ஒரு பவர் சேவிங்கை மட்டும் அணைச்சா போதும்.

முதல்ல தற்காலிகமா டெஸ்ட் பண்ணுங்க. பூட் ஆகும்போது எஸ்கேப் தட்டி க்ரப் மெனுவுக்கு, அதாவது லினக்ஸை பூட் பண்ணுற மெனுவுக்குப் போங்க, 'இ' அழுத்துங்க, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசில ஒரு ஸ்பேஸ் விட்டு, இன்டெல் ஐ915 டிரைவர்னா "ஐ915 புள்ளி எனேபிள் அண்டர்ஸ்கோர் பிஎஸ்ஆர் சமம் 0", ஏஎம்டின்னா "ஏஎம்டிஜிபியு புள்ளி டிசிடீபக்மாஸ்க் சமம் 0எக்ஸ்10", எல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்து, அதுக்குள்ள ஸ்பேஸ் வரக்கூடாது, அடிச்சுட்டு எஃப்10. தப்பா போட்டாலும் பயம் இல்ல, ரீஸ்டார்ட் பண்ணா பழைய மாதிரி ஆயிடும்.

அரை மணி நேரம் சாதாரணமா வேலை பாருங்க. சரியாயிடுச்சுன்னா ஈடிசி ஃபோல்டர்ல டிஃபால்ட்டுக்குள்ள க்ரப்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல 'க்வைட் ஸ்ப்ளாஷ்'னோ வெறும் 'க்வைட்'னோ இருக்கிற மேற்கோளுக்குள்ளயே அதைச் சேர்த்துட்டு, உபுண்டு, டெபியன்ல சூடோ அப்டேட்-க்ரப் ஓட்டிடுங்க.

பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அதை ஒத்துக்கணும். இன்டெல்ல 0-க்கு பதிலா 1 போட்டுப் பாருங்க, அது பிஎஸ்ஆர் 2-ங்கிற புது வெர்ஷனை மட்டும் அணைச்சு பழைய பிஎஸ்ஆரை விட்டு வைக்கும், சில மெஷினுக்கு அதுவே போதும். லினக்ஸோட மையமான கெர்னலுக்கு பெரிய அப்டேட் வந்ததும் அந்த வரியை எடுத்துட்டு ஒரு தடவை பூட் பண்ணிப் பாருங்க, சரி பண்ணியிருந்தாங்கன்னா பேட்டரியும் திரும்பக் கிடைக்கும்.