பில்லில் இருக்கும் பெயரை மட்டும் பார்க்காதீர்கள்: பிரிட்டன் ஊடக, டெலிகாம் துறையைக் கவனிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் ஒரு சிம் வாங்கப் போனால் ஈஈ, ஓ2, வோடஃபோன், த்ரீ, ஸ்கை மொபைல், டெஸ்கோ மொபைல், கிஃப்காஃப், வாக்ஸி, ஸ்மார்ட்டி, லெபாரா, லைக்கா என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். இதைப் பார்த்துவிட்டு "அங்கே போட்டி கடுமையாக இருக்கிறது" என்று முடிவு செய்வதுதான் முதல் தவறு. இத்தனை பெயர்களுக்கும் பின்னால் சொந்த நெட்வொர்க் வைத்திருப்பவர்கள் மூன்றே பேர்: பிடி (பிரிட்டிஷ் டெலிகாம்) குழுமத்தின் ஈஈ, விர்ஜின் மீடியா ஓ2, வோடஃபோன்த்ரீ. கிஃப்காஃப் ஓ2-வின் சொந்தப் பிள்ளை. வாக்ஸி வோடஃபோனுடையது, ஸ்மார்ட்டி த்ரீயுடையது. ஸ்கை மொபைல் ஓ2 நெட்வொர்க்கில்தான் ஓடுகிறது.

இதில் நம்மவர்களின் கதையும் உண்டு. லெபாராவை 2001-இல் தொடங்கியவர்கள் இலங்கைத் தமிழர் மூவர். லைக்கா மொபைலை 2006-இல் தொடங்கிய சுபாஸ்கரன் அல்லிராஜாவைச் சினிமா மூலம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு நிறுவனங்களும் பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாத புலம்பெயர்ந்தோரைத் தேடிப் போய், ஊருக்குப் பேசும் அழைப்பை மலிவாக விற்று வளர்ந்தவை. அது உண்மையான வணிகத் திறமை. ஆனால் நெட்வொர்க்கை அடுத்தவரிடம் வாடகைக்கு எடுத்துத்தான் விற்றார்கள். அந்த வாடகை ஏறினால் லாபம் கரையும். ஒரு டெலிகாம் பிராண்டைப் பற்றி எழுதும்போது அது கம்பியும் டவரும் வைத்திருக்கிறதா, வாடகைக்கு இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

பிராட்பேண்டிலும் இதே கதைதான், இன்னும் சிக்கலாக. பிடி, பிளஸ்நெட், ஸ்கை, டாக்டாக் எல்லாமே பெரும்பாலும் ஓப்பன்ரீச் என்ற ஒரே நிறுவனத்தின் கம்பிகளைத்தான் பயன்படுத்துகின்றன. அந்த ஓப்பன்ரீச்சும் பிடி குழுமத்துக்குச் சொந்தம். 2006-இல் தனிப் பிரிவாகவும், பிறகு 2017-இல் ஒப்புக்கொண்டபடி சட்டப்படி தனி நிறுவனமாகவும் அதைப் பிரித்தார்கள். சொந்தக் குழுமத்துக்கும் போட்டியாளருக்கும் ஒரே நிபந்தனையில் அது கம்பி தர வேண்டும்.

அதனால் "பிடி வாடிக்கையாளர்களை இழக்கிறது" என்ற தலைப்பைப் பார்த்தவுடன் நிதானமாகப் படிக்க வேண்டும். பிடியை விட்டு ஸ்கைக்குப் போனவர் பெரும்பாலும் ஓப்பன்ரீச் கம்பியில்தான் இருக்கிறார். அப்படியானால் அந்தக் கம்பிக்கு ஸ்கை கட்டும் மொத்த விற்பனைக் கட்டணம் பிடி குழுமத்துக்குத் தொடர்ந்து வருகிறது. அவரே சொந்தக் கம்பி வைத்திருக்கும் விர்ஜினுக்கோ, சிட்டிஃபைபர் கம்பியில் சேவை தரும் நிறுவனத்துக்கோ போனால் கம்பியும் போயிற்று. இரண்டும் வெவ்வேறு இழப்பு. உண்மையான நிலவரம் வேண்டுமென்றால் ஓப்பன்ரீச்சின் இணைப்பு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

பிடியை நம்மூர் பிஎஸ்என்எல் போல நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 1984-இலேயே அதன் பெரும்பங்கை அரசு விற்றுவிட்டது. 2024-இல் சுனில் மிட்டலின் பார்தி குழுமம் 24.5 சதவீதப் பங்கை வாங்குவதாக அறிவித்தது. 1990-களின் கடைசியில் ஏர்டெலில் பங்கு வைத்திருந்தது பிடிதான்; காலம் அப்படித் திரும்பியிருக்கிறது.

அடுத்து இணைப்புகள். த்ரீயும் ஓ2-வும் இணைய முயன்றபோது, 2016-இல் ஐரோப்பிய ஆணையம் மறுத்துவிட்டது. அன்றிலிருந்து "நான்கு நெட்வொர்க்கை மூன்றாக்க விடமாட்டார்கள்" என்பது வேதவாக்காகிவிட்டது. ஆனால் வோடஃபோனும் த்ரீயும் இணைய 2024 டிசம்பரில் பிரிட்டனின் போட்டி ஆணையமே சம்மதித்தது. 2025 மே 31-இல் இணைப்பு முடிந்தது. இப்போது "ஒழுங்குமுறை தளர்ந்துவிட்டது" என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. 1,100 கோடி பவுண்டு நெட்வொர்க் முதலீட்டுத் திட்டத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதிமொழியாக்கித்தான் ஒப்புதல் கிடைத்தது. சில கட்டணத் திட்டங்களின் விலையை மூன்று ஆண்டுகள் ஏற்றக் கூடாது, நெட்வொர்க்கை வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் முன்பே தீர்மானித்த விலையில் தர வேண்டும் என்பதும் நிபந்தனை. அந்த மூன்று ஆண்டு முடியும்போதுதான் இந்த முடிவு சரியா என்று தெரியும்.

கட்டண உயர்வு பற்றிய தவறான புரிதல்தான் எனக்கு அதிக வருத்தம் தருவது, ஏனென்றால் அது நேராக வீட்டுச் செலவைத் தொடுகிறது. பணவீக்கத்தோடு 3.9 சதவீதம் சேர்த்து ஒப்பந்தத்தின் நடுவிலேயே விலை ஏற்றுவது பிரிட்டனில் சாதாரணமாக இருந்தது. 2023-இல் பிடி வாடிக்கையாளர் பலருக்கு ஒரே அடியில் 14.4 சதவீதம் ஏறியது. 2025 ஜனவரி 17 முதல் புதிய ஒப்பந்தங்களில் இப்படிப் பணவீக்கத்தோடு கட்டி வைப்பதை ஊடக, டெலிகாம் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தடை செய்தது. உடனே "நடுவில் விலை ஏற்றத் தடை" என்று பலர் எழுதினார்கள். அப்படி இல்லை. எவ்வளவு ஏறும் என்பதைப் பவுண்டிலும் பென்ஸிலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மாதம் 3 பவுண்டு ஏறும் என்றால், 60 பவுண்டு கட்டுகிறவருக்கு அது 5 சதவீதம். 20 பவுண்டு கட்டுகிறவருக்கு 15 சதவீதம். மலிவான திட்டத்தில் இருப்பவர் மீதுதான் சுமை அதிகம். சொன்ன தொகையையும் மாற்ற முடியும்: 2025 அக்டோபரில் ஓ2 தன் ஆண்டு உயர்வை மாதத்துக்கு 1.80 பவுண்டிலிருந்து 2.50 பவுண்டாக்கியது. பிடிக்காதவர்கள் அபராதமின்றி வெளியேறலாம் என்றது. அந்த உரிமையைக் கேட்டுப் பயன்படுத்த வேண்டும்.

ஃபைபர் நிறுவனங்கள் "இத்தனை லட்சம் வீடுகளை எட்டினோம்" என்று சொல்வதை வாடிக்கையாளர் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெருவில் கேபிள் போனது வேறு, அந்த வீடு இணைப்பு வாங்கியது வேறு. வட்டி மலிவாக இருந்த காலத்தில் கடன் வாங்கித் தெருத்தெருவாகத் தோண்டிய சிறு நிறுவனங்கள் பல. 2023-இல் இங்கிலாந்து வங்கியின் வட்டி 5.25 சதவீதத்தைத் தொட்டபோது அந்தக் கணக்கு மாறியது. இப்போது அவை ஒன்றையொன்று வாங்குவதற்கும் விற்பதற்கும் முக்கியக் காரணம் இதுதான்.

சரி, கால்பந்துக்கு வருவோம். பிரிட்டன் ஊடக வணிகத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. கால்பந்து உரிமையை வாங்கினால் சந்தாதாரர்கள் ஓடி வருவார்கள் என்று நம்பியவர்கள் வரிசையாக விழுந்தார்கள். ஐடிவி டிஜிட்டல் என்ற கட்டண டிவி நிறுவனம் கீழ்நிலை லீகுகளுக்கு 31.5 கோடி பவுண்டு தருவதாக ஒப்பந்தம் போட்டு 2002-இல் திவாலானது. அந்தப் பணத்தை நம்பிச் செலவு செய்த சிறு கிளப்புகள்தான் நடுத்தெருவுக்கு வந்தன. செடான்டா என்ற விளையாட்டுச் சேனல் நிறுவனம் பிரிட்டனில் 2009-இல் மூடியது. 2013-இல் பிடி ஸ்போர்ட் தொடங்கி, பிராட்பேண்ட் வாங்கினால் கால்பந்து இலவசம் என்ற பிடி, 2022-இல் அதை வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியோடு கூட்டு நிறுவனமாக்கியது. இன்று அதன் பெயர் டிஎன்டி ஸ்போர்ட்ஸ். கட்டண டிவி நிறுவனமான ஸ்கைக்கு மட்டும் இது 1992 முதல் ஓடியது, ஏனென்றால் கால்பந்தோடு சேர்த்து விற்கச் சினிமா, செய்தி, பிராட்பேண்ட் என்று மற்ற சரக்கும் அதனிடம் இருந்தன.

"பிரீமியர் லீக் சாதனை விலை" என்ற தலைப்பும் ஏமாற்றும். 2025 முதல் 2029 வரையிலான ஒப்பந்தம் 670 கோடி பவுண்டு. 2016–19 ஒப்பந்தம் 513.6 கோடி. புதியது பெரிது என்றுதானே தோன்றும்? பழையது மூன்று சீசனுக்கு, சீசனுக்கு 168 ஆட்டம். ஆட்டத்துக்கு ஏறக்குறைய 1.02 கோடி. புதியது நான்கு சீசனுக்கு, சீசனுக்குக் குறைந்தது 267 ஆட்டம். ஆட்டத்துக்குச் சுமார் 63 லட்சம்தான். விலை விழுந்ததைச் சரக்கைக் கூட்டி மறைத்திருக்கிறார்கள்.

தொலைக்காட்சியில் இருக்கும் தவறுகள் சின்னவை, ஆனால் அடிக்கடி வருபவை. சேனல் 4 அரசுக்குச் சொந்தம் என்பதால் மக்கள் வரியில் ஓடுகிறது என்று நினைப்பார்கள். அது விளம்பர வருமானத்தில் ஓடுகிறது. பிபிசியைப் பார்க்காவிட்டால் டிவி வைத்திருப்பவர்கள் கட்டும் உரிமக் கட்டணம் வேண்டாம் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. எந்தச் சேனலையும் நேரலையில் பார்த்தால் கட்டணம் உண்டு. பிபிசி ஐபிளேயருக்கும் 2016 முதல் உண்டு. 2025 ஏப்ரலில் அந்த உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது.

அப்புறம், யாருக்கு யார் போட்டி என்ற கணக்கு. பிபிசியா ஐடிவியா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். 2024-இல் பிரிட்டனில் பிபிசிக்கு அடுத்து அதிகம் பார்க்கப்பட்டது யூடியூப். ஐடிவி அதற்குப் பின்னால். இது ஆஃப்காம் கணக்கு. இதைத் தெரிந்துகொண்டால்தான் 2025 நவம்பரில் ஐடிவி தன் ஒளிபரப்புப் பிரிவை 160 கோடி பவுண்டுக்கு ஸ்கைக்கு விற்கப் பேசியது ஏன் என்று புரியும். நிகழ்ச்சி தயாரிக்கும் ஐடிவி ஸ்டூடியோஸ் அந்தப் பேச்சில் இல்லை. அதன் சரக்கை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். சேனலுக்கு அந்த வசதி கிடையாது.

கடைசியாக, பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டனில் இருந்தால் கவனிக்க வேண்டியது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிச் சேவை 2027 ஜனவரி இறுதியில் நிற்கிறது. முதலில் 2025 டிசம்பர் என்று சொல்லித் தள்ளி வைத்தார்கள். "லேண்ட்லைனே போகிறது" என்று பதறுவதும் தவறு, "போன் பிராட்பேண்டுக்கு மாறும், வேறொன்றும் இல்லை" என்று விட்டுவிடுவதும் தவறு. கரண்ட் போனால் புதிய லேண்ட்லைன் தானாக வேலை செய்யாது. கழுத்தில் அவசர அழைப்புப் பொத்தான் போட்டிருக்கும் முதியவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. தேதி தள்ளிப் போனதற்கு அவர்கள்தான் முக்கியக் காரணம். மாறுவதற்கு முன் நிறுவனத்தைக் கூப்பிட்டு, வீட்டில் அந்தக் கருவி இருப்பதைச் சொல்லி, பேட்டரி ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள்.