சிங்கப்பூர்ல பல நாட்டு ஆளுங்களோட பிரெண்டாகணுமா? அவுட்டிங் போட ஆரம்பிக்கிறது எப்படி

சிங்கப்பூர் வந்து வருஷக்கணக்காச்சு, ஆனா லீவுன்னா லிட்டில் இந்தியா பக்கம் தேக்கா, முஸ்தபா கடை, பிரியாணி, ரூம்ல தூக்கம், இத விட்டா வேற எதுவும் தெரியாதுன்னு சொல்ற நம்மாளுங்க நிறைய. தப்புன்னு சொல்லல, நானும் தேக்கா போகாத வாரம் கிடையாது. ஆனா பக்கத்து டெஸ்க்ல மியான்மர்காரர், எதிர் சீட்ல பிலிப்பைன்ஸ் பொண்ணு, சைட்ல பங்களாதேஷ் அண்ணன், கேஷியர் மலேசியான்னு இத்தன பேருக்கு நடுவுல உக்காந்துட்டு எல்லார்கிட்டயும் "சாப்டாச்சா"வோட நிறுத்திக்கிட்டா எப்படிங்க. இவங்களோட வெளிய போகணும்னு ஆசை இருக்கு, எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலங்கறவங்களுக்குத்தான் இந்த பதிவு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். ஆளுங்கள கூப்ட்டு வட்டமா உக்கார வச்சு "உங்க ஊர்ல என்ன ஸ்பெஷல்"னு பேச வைக்காதீங்க, அது இன்டர்வியூ மாதிரி ஆகிடும். கைக்கோ காலுக்கோ ஒரு வேலை குடுங்க. அடுப்பு மூட்டட்டும், சைக்கிள் ஓட்டட்டும், பந்து பொறுக்கட்டும். பேச்சு தானா வரும், இங்கிலீஷ் தடுமாறுறவங்களுக்கும் வரும்.

ஸ்டெப் 1: ஆள் சேர்க்கறது

ஆறுல இருந்து எட்டு பேர் போதும். இருபது பேர கூப்ட்டா நாலு நாலா பிரிஞ்சு அவங்கவங்க பாஷை ஆளுங்களோட நின்னுடுவாங்க, நீங்க நடுவுல ஓடிட்டு இருப்பீங்க. ஒரு பாஷைக்கு ரெண்டு பேர்னு வச்சுக்கங்க. ஒரே ஒருத்தர்னா கூச்சப்படுவாங்க, மூணு பேருன்னா தனி டீம் ஆகிடுவாங்க. நம்மாளுங்களுக்கும் இதே கணக்குதான். அஞ்சு தமிழ் ஆளுங்களும் ஒரு வியட்நாம்காரரும் போனா அது அவுட்டிங் இல்ல, அந்த பாவப்பட்ட மனுஷனுக்கு ஆறு மணி நேரம் "மச்சான் டேய்" கேக்குற தண்டனை.

இன்னொண்ணு, நம்ம ஊர் ஆளுங்க புதுசா ஒருத்தர பாத்தா ரெண்டாவது கேள்வியே "என்ன பாஸ்?"தான். வேலை அனுமதி எந்த வகை, வொர்க் பெர்மிட்டா, எஸ் பாஸா, இ பாஸான்னு தெரிஞ்ச உடனே மனசுக்குள்ள ஒரு தராசு வந்துடுது. அந்த கேள்வியும் சம்பளக் கேள்வியும் முதல் ரெண்டு மூணு தடவைக்கு வேண்டாமே.

ஸ்டெப் 2: நாள் குறிக்கறது

இதுல அவசரப்படாதீங்க. ஆபீஸ் ஆளுங்களுக்கு சனி ஞாயிறு ஓகே. கட்டுமான வேலைல இருக்கறவங்களுக்கு பெரும்பாலும் ஞாயிறு மட்டும்தான், அதுலயும் ஓவர்டைம் வந்துட்டா அதுவும் போச்சு. ஆஸ்பத்திரில இருக்கறவங்களுக்கு ரோஸ்டர், நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வர்றவங்கள காலைல ஏழு மணிக்கு கூப்ட்டா வரமாட்டாங்க. வீட்டு வேலை செய்யுற அக்காங்கள கூப்பிடுறீங்கன்னா, 2023 ஜனவரில இருந்து மாசத்துல ஒரு நாளாவது கண்டிப்பா லீவு குடுத்தே ஆகணும், அதுக்கு பதிலா காசு குடுத்து சரிக்கட்ட முடியாது, அதனால அவங்களோட அந்த நாள் எதுன்னு முதல்ல கேட்டுட்டு மத்தவங்கள அதுக்கேத்த மாதிரி மாத்துறது ஈஸி. கஷ்டமான ஷெட்யூல் யாருதோ அவங்க நாள முதல்ல எடுங்க, இதுதான் கணக்கு.

ரெண்டு வாரம் முன்னாடி வாட்ஸ்அப் குரூப் போடுங்க. மெசேஜ்ல அஞ்சு விஷயம் இருக்கணும்: எங்க, எத்தன மணிக்கு, எந்த எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல எந்த எக்ஸிட்ல நிக்கிறது, தோராயமா எவ்ளோ செலவு, எத்தன மணிக்கு முடியும். கடைசி ரெண்டையும் நிறைய பேர் எழுத மாட்டாங்க, ஆனா வரலாமா வேண்டாமான்னு யோசிக்கிற ஆளு பாக்குறதே அந்த ரெண்டத்தான்.

ஸ்டெப் 3: முதல் சந்திப்பு உணவங்காடில

ரெஸ்டாரண்ட் வேண்டாம். பில் வரும்போது யாரு எவ்ளோன்னு ஒரு சங்கடம். உணவங்காடின்னா, அதாவது ஹாக்கர் சென்டர்னா, அவங்கவங்க காசு, அவங்கவங்க சாப்பாடு, ஒரே மேசை. தேக்கா சென்டர் நல்ல தொடக்கம், கீழ்த்தளத்துல இந்திய சாப்பாடு, மலாய் சாப்பாடு, சீன சாப்பாடு மூணும் கிடைக்கும். சிங்கப்பூர் உணவங்காடி கலாச்சாரம் 2020 டிசம்பர்ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததுங்க, வெறும் சாப்பாட்டுக் கடைன்னு நெனச்சுடாதீங்க.

இதுல ஒரு சின்ன ட்ரிக் இருக்கு. ஆளுக்கு ஒரு பிளேட் வாங்குறதோட, ஒவ்வொருத்தரும் மேசைக்கு பொதுவா ஒரு ஐட்டம் வாங்கிட்டு வரணும்னு சொல்லிடுங்க. அப்போ பாருங்க வேடிக்கைய, ஒருத்தர் ரோஜாக், ஒருத்தர் வடை, ஒருத்தர் பாப்பியான்னு வந்து இறங்கும், "இத எப்படி சாப்பிடுறது"ன்னு ஒருத்தர் கேக்க இன்னொருத்தர் சொல்லித் தர, நீங்க வாயே திறக்க வேண்டாம். சாப்ட்டு முடிச்சதும் தட்ட நீங்களே கொண்டு போய் வைங்க, 2021 செப்டம்பர்ல இருந்து மேசையில அப்படியே விட்டுட்டு போனா நடவடிக்கை எடுப்பாங்க, ஹலால் தட்டுக்கு தனி ரேக் இருக்கும், கலக்காதீங்க. ஊருக்குப் புதுசா வந்தவங்களுக்கு இது தெரியாது, அதட்டாம காட்டிக் குடுங்க.

ஸ்டெப் 4: சாப்பாட்டு கணக்க எழுதி வச்சுக்கறது

முதல் சந்திப்புலயே யாரு என்ன சாப்பிட மாட்டாங்கன்னு கவனிச்சு போன்ல நோட் பண்ணிடுங்க, திரும்பத் திரும்ப கேக்குறதும் ஒரு மாதிரி இருக்கும். நம்மள்ல பாதிப்பேர் பீஃப் சாப்பிட மாட்டோம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா சீன நண்பர்கள்லயும் குவான் யின் சாமி கும்பிடுறவங்க பல பேர் பீஃப தொட மாட்டாங்க, மியான்மர் பௌத்தர்கள்லயும் அப்படி ஆளுங்க இருக்காங்க. இந்தோனேசியா, பங்களாதேஷ், மலாய் நண்பர்களுக்கு பன்றி இல்லாட்டி மட்டும் போதாது, கறி ஹலாலா இருக்கணும், சுடுற கம்பியும் தனியா இருக்கணும். இதுக்கு நான் எடுக்குற ஷார்ட்கட்: கூட்டா சமைக்கிற எல்லாமே ஹலால் கடைல வாங்குன கோழி, மீன், சோளம், காய்கறி. பீஃபும் இல்ல, போர்க்கும் இல்ல. சைவக்காரங்களுக்கு மட்டும் தனி கம்பி. ஒரு நாள் போர்க் சாப்பிடாம இருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகிடாது.

ஸ்டெப் 5: பார்பிக்யூ

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல கடலோரமா பார்பிக்யூ அடுப்பு வரிசையா இருக்கு, முன்கூட்டியே ஏஎக்ஸ்எஸ்ங்கற கட்டண மெஷின்லயோ ஆப்லயோ காசு கட்டி புக் பண்ணி பெர்மிட் எடுத்துக்கணும், சும்மா போய் உக்கார முடியாது.

புதுசா பண்றவங்க எல்லாத்தையும் ரெடி பண்ணி வச்சுட்டு விருந்தாளிங்கள வரச் சொல்வாங்க. அப்படி பண்ணாதீங்க. அடுப்பு மூட்டுறதே ஒரு நிகழ்ச்சி. கரி பிடிக்க அரை மணி, முக்கால் மணி ஆகும், கடல் காத்து வேற ஒரு பக்கமா அடிக்கும், அந்த நேரம்தான் உங்களுக்கு வேணும். போன தடவை எங்க குரூப்ல எப்பவுமே ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத ஒரு சிச்சுவான் இன்ஜினியரும், சைட்ல சூப்பர்வைசரா இருக்குற பங்களாதேஷ் அண்ணனும் ஒரு அட்டைப்பெட்டி மூடிய ரெண்டா கிழிச்சு வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி விசிறிட்டு இருந்தாங்க, இவர் கரிய கோபுரமா அடுக்கணும்ங்கறாரு, அவர் பரப்பி வைக்கணும்ங்கறாரு, ரெண்டு பேருக்கும் பொதுவா இங்கிலீஷ் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கைதான் பேசுது, கடைசில புகை கண்ணுல ஏறி ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு கண்ண தொடச்சுக்கிட்டாங்க. இப்போ ரெண்டு பேரும் குரூப்ல தினமும் ஏதாவது ஒரு வீடியோ அனுப்பிக்கிறாங்க, அது என்ன பாஷைன்னு எங்களுக்கே புரியாது.

ஆளுக்கு ஒரு மசாலா தடவுன ஐட்டம் கொண்டு வரச் சொல்லுங்க. நம்ம சைடுல மஞ்சள், மிளகாத்தூள், தயிர் போட்டு ஊற வச்ச கோழி எப்பவும் ஹிட். திருக்கை மீன சம்பால் தடவி ஃபாயில்ல சுத்தி சுடுறது இங்கத்து ஸ்டைல், அத யாராவது லோக்கல் நண்பர்கிட்ட விட்டுடுங்க. பீர் விஷயத்துல ஒரு எச்சரிக்கை: ராத்திரி 10.30ல இருந்து காலை 7 வரைக்கும் பொது இடத்துல குடிக்கக் கூடாது, 2015ல வந்த சட்டம். குடிக்காதவங்க பாதிப்பேர் இருக்குற குரூப்ல அதுக்கு முன்னாடியும் அளவோட இருக்குறது நல்லது, அது சட்டம் சொல்லி இல்ல, நான் சொல்றேன்.

ஸ்டெப் 6: பேட்மிண்டன்

இது சீக்கிரம் சொல்லிடுறேன். மைஆக்டிவ்எஸ்ஜி+ ஆப்ல கோர்ட் புக் பண்ணுங்க, எட்டு பேருக்கு ரெண்டு கோர்ட். இந்தோனேசியா, மலேசியா, சீனா ஆளுங்க இருந்தா நீங்க தோத்துடுவீங்க, மனச தேத்திக்கங்க. ஒவ்வொரு கேமுக்கும் ஜோடிய மாத்துங்க, ஒரே நாட்டு ஜோடி கூடவே கூடாது. அவ்ளோதான்.

ஸ்டெப் 7: அரை நாள் பயணம், புலாவ் உபின் தீவு

பழகிட்டாங்கன்னு தெரிஞ்சதும் இங்க கூட்டிட்டுப் போங்க. பஸ் நம்பர் 2 இல்லன்னா 29 பிடிச்சா சாங்கி வில்லேஜ், பக்கத்துலயே படகுத்துறை. அங்க உபினுக்கு ஒரு வரிசை, ஜோகூர் பக்கம் பெங்கராங் போறதுக்கு வேற வரிசை. பெங்கராங் மலேசியா, அதுக்கு பாஸ்போர்ட் வேணும், கூட்டத்துல யாராவது அந்த வரிசைல போய் நின்னுடப் போறாங்க, பாத்துக்கங்க.

உபின் படகுக்கு டைம்டேபிள் கிடையாது. 12 பேர் சேர்ந்தா கிளம்பும். காசா குடுக்கணும், நாங்க போனப்ப ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அவசரம்னா மொத்த படகு காசையும் குடுத்துட்டு கிளம்பலாம், ஆனா அத பண்ணாதீங்க, உங்க குரூப் எட்டு பேருன்னா இன்னும் நாலு பேர் வர்ற வரைக்கும் பெஞ்சுல உக்காந்து காத்திருக்கணும், முன்னப்பின்ன தெரியாத நாலு பேர் வந்து சேருவாங்க, சில சமயம் தூண்டில், ஐஸ் பெட்டியோட ஒரு அங்கிள் வருவாரு, அவரு உங்க எல்லாரையும் விட தீவப்பத்தி நல்லா சொல்லுவாரு.

இறங்கினதும் சைக்கிள் வாடகைக் கடைங்க. எடுக்குறதுக்கு முன்னாடி பிரேக்க அமுக்கிப் பாருங்க, சீட் உயரத்த சரி பண்ணுங்க. ஓட்டத் தெரியாதவங்க ஒருத்தராவது இருப்பாங்க, ரெட்டை சீட் சைக்கிள் கேட்டு வாங்கி நல்லா ஓட்டுறவங்கள முன்னாடி போடுங்க. செக் ஜாவாங்கற கடலோர சதுப்பு நிலம் வரைக்கும் மூணு கிலோமீட்டர் பக்கம், நடுவுல ஏத்த இறக்கம் உண்டு, வாசல்ல சைக்கிள நிறுத்திட்டு நடக்கணும். தண்ணி வத்துற நேரம் பாத்துட்டு போங்க, அலை மட்டம் 0.5 மீட்டரும் அதுக்குக் கீழயும் இருக்குற நாள்னா மரப்பாலத்துல நின்னே கீழ சேத்துல நண்டெல்லாம் கைய ஆட்டிட்டு இருக்குறத பாக்கலாம். அங்கயே இருக்குற ஜெஜாவி டவர்ல ஏறினா மரத்துச்சிக்கு மேல நிக்கலாம். 2001ல இந்த செக் ஜாவாவ மண் போட்டு மூடுறதா இருந்துச்சு, மக்கள் எதிர்ப்பும் ஆய்வும் சேர்ந்து தள்ளி வச்சாங்க, அத வழியில சொல்லுங்க, எல்லார் ஊர்லயும் இந்த மாதிரி ஒரு குளமோ ஏரியோ கதை இருக்கும், பேச்சு அங்க போய் சூடு பிடிக்கும்.

காட்டுப்பன்னி வழியிலயே நிக்கும். பிஸ்கட் போடாதீங்க, அபராதம் பெருசு. பிளாஸ்டிக் பை கைல தொங்கினா குரங்கு வந்து பிடுங்கும், எல்லாத்தையும் பேக்குக்குள்ள போட்டுடுங்க.

ஸ்டெப் 8: காசும் அடுத்த முறையும்

பொதுச்செலவ ஒருத்தர் போட்டு, அன்னிக்கு ராத்திரியே ரசீது போட்டோவோட கணக்க குரூப்ல போடுங்க. போன்லயே காசு அனுப்புற பேநவ்ல அனுப்பிடுவாங்க. சில்லறை பாக்கி ஒண்ணு ரெண்டு வெள்ளிய தொரத்தாதீங்க. சம்பளம் கம்மியா இருக்குறவங்க இருக்குற குரூப்ல இலவசமான இடமா மாத்தி மாத்தி போடுங்க, ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம், மெக்ரிட்ச்சி நடைபாதை ரெண்டுக்கும் டிக்கெட் கிடையாது.

கலையறதுக்கு முன்னாடி அடுத்த ஏற்பாடு யாருன்னு முடிவு பண்ணிடுங்க, அது நீங்களா இருக்கக் கூடாது. மூணு தடவையும் நீங்களே பண்ணினா எல்லாரும் உங்க விருந்தாளி ஆகிடுவாங்க. வேற ஆள் எடுத்தா அவங்க ஊர் பழக்கத்துல பண்ணுவாங்க, சீனப் புத்தாண்டுக்கு யூஷெங் சாலட் கிளறக் கூப்பிடுவாங்க, நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்கு கூப்பிடுவாங்க, தீபாவளிக்கு உங்க முறை. யூஷெங்ல பச்ச மீன் இருக்கும், சைவக்காரங்களுக்கு மீன் இல்லாமயும் கடைல கிடைக்கும், முன்னாடியே சொல்லிடுங்க.

நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் மழை கொட்டும். அப்போ உபினையும் பார்பிக்யூவையும் தள்ளி வச்சுட்டு பேட்மிண்டன், உணவங்காடின்னு கூரைக்குக் கீழயே போடுங்க, இடி இடிக்கும்போது படகுக்கு வரிசைல நிக்கிறதெல்லாம் வேண்டாம்.