வீட்டிலேயே தமாலெஸ்: மாவு மிதக்கும் வரை அடிக்க வேண்டும்

மெக்சிகோவில் ஜனவரி 6 அன்று வெட்டும் வட்ட ரொட்டிக்குள் ஒரு குட்டிக் குழந்தை பொம்மை ஒளிந்திருக்கும். அது யார் துண்டில் வருகிறதோ அவர்தான் பிப்ரவரி 2, கேண்டலேரியா திருநாளுக்குத் தமாலெஸ் கொண்டுவர வேண்டும். மக்காச்சோள மாவுக்குள் இறைச்சி வைத்து, தோகையில் மடித்து ஆவியில் வேகவைப்பதுதான் தமாலெஸ். பெரும்பாலும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சேர்ந்து மடிக்கிற பலகாரம் இது. நீங்களும் ஒரு ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாவு. கடையில் ‘மாசா ஹரீனா’ என்று கேட்டு வாங்குங்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைத்துக் காயவைத்த மாவு அது. சுண்ணாம்பு பட்டால்தான் தோல் கழன்று மாவு ஒட்டும், அந்தத் தனி மணமும் வரும். சாதாரண மக்காச்சோள மாவு ஒட்டாமல் உதிரும், கார்ன்ஃப்ளவர் வெறும் ஸ்டார்ச். இரண்டுமே வேண்டாம்.

காய்ந்த மக்காச்சோளத் தோகை (கதிரை மூடியிருக்கும் உறை) 30 எடுத்து, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். தென் மெக்சிகோவில், ஒஹாக்கா பக்கமெல்லாம், வாழை இலையிலும் மடிப்பார்கள், அதனால் தோகை கிடைக்காதவர்கள் வாட்டிய வாழை இலையைத் தயங்காமல் எடுக்கலாம்.

உள்ளே வைக்க, 600 கிராம் பன்றி இறைச்சியை வெங்காயம், பூண்டு, உப்போடு பிய்த்தால் நார் நாராக வரும்வரை வேகவையுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், மாவுக்கு அதுதான் வேண்டும். 8 குவாஹியோ மிளகாயை (மெக்சிகோவின் காய்ந்த சிவப்பு மிளகாய்) விதை நீக்கி லேசாக வறுத்து, ஊறவைத்து, பூண்டும் சிட்டிகை சீரகமும் சேர்த்து அரைத்து வடிகட்டுங்கள். கொஞ்சம் எண்ணெயில் அதைச் சுண்டவிட்டு இறைச்சியைப் போட்டுக் கெட்டியாகப் புரட்டி இறக்குங்கள். குவாஹியோவுக்குப் பதில் காஷ்மீர் மிளகாய் போட்டால் நிறம் வந்துவிடும், மணம் அப்படியே வராது.

இனிதான் முக்கியமான வேலை. 200 கிராம் பன்றிக் கொழுப்பை (வெண்ணெயும் ஆகும்) வெளுத்துப் பொங்கும்வரை ஐந்து நிமிடம் அடியுங்கள். 500 கிராம் மாவு, ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்து, எடுத்துவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடித்துக்கொண்டே இருங்கள். முக்கால் லிட்டர் வரை பிடிக்கும். கை வலிக்கும், நிறுத்த வேண்டாம். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு மாவைப் போடுங்கள், உளுந்து வடை மாவுக்குப் பார்ப்போமே, அதே மாதிரி. மிதந்தால் சரி. மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும், இதில் மட்டும் அவசரப்பட்டால் தமால் கட்டியாகத்தான் வரும்.

தோகையின் வழவழப்பான பக்கம் மேலே இருக்கட்டும். அகலமான முனையில் இரண்டு மேசைக்கரண்டி மாவைத் தடவி, நடுவில் இறைச்சி வைத்து, இரண்டு ஓரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக மூடி, குறுகிய வாலைக் கீழே மடியுங்கள். திறந்த வாய் மேலே பார்க்கும்படி ஆவிப் பானையில் நிற்கவையுங்கள். ஆழமான இட்லிப் பானை போதும். மேலே மிச்சத் தோகையும் ஈரத்துணியும் போட்டு மூடி, ஒன்றேகால் மணி நேரம் மிதமான தீயில் வேகவிடுங்கள். முதல் தடவை எனக்குத் தண்ணீர் வற்றி அடி கருகி, மொத்தப் பானையிலும் புகைவாடை ஏறிவிட்டது. மெக்சிகோ வீடுகளில் பானை அடியில் ஒரு நாணயம் போடுவார்கள், தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடவென்று ஆடும், சத்தம் நின்றால் ஓரமாக வெந்நீர் ஊற்ற வேண்டும். அன்றிலிருந்து நானும் போடுகிறேன்.

ஒன்றை எடுத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டுப் பிரியுங்கள். தோகை ஒட்டாமல் கழன்று வந்தால் வெந்துவிட்டது. அடுப்பை அணைத்துக் கால் மணி நேரம் அப்படியே விடுங்கள், அதற்குள் மாவு இறுகிவிடும். மறுநாளுக்கு மிஞ்சினால் தோகையோடு தோசைக்கல்லில் போட்டுச் சுடுங்கள், தோகை அங்கங்கே கருகி, உள்ளே ஓரம் மொறுமொறுவென்று ஆகும், எனக்கு முதல் நாளைவிட அதுதான் பிடிக்கும்.