மேய்ச்சல் தரையில் மறிக்கப்பட்டால், தாக்கப்பட்டால்: பட்டிக்காரர்களுக்கான வழிகாட்டி

பெரும்போக விதைப்புத் தொடங்கினால் ஊரோர வயல்களில் மாடு நிற்க இடமிராது. மட்டக்களப்பின் மாட்டுப் பட்டிகள் மேற்கே மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் போகின்றன. அங்கே அத்துமீறிய பயிர்ச்செய்கைக்கு எதிராகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அம்பாறையின் வட்டமடுவிலும் மேய்ச்சல் தரைச் சிக்கல் பழையது. இப்படியான இடங்களில் பட்டிக்காரர் அடிபட்டால், கவனிக்காவிட்டால் அது பொலிஸ் புத்தகத்தில் ‘காணித் தகராறு’ என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். தமிழன் என்பதற்காக அடித்தார்கள் என்பது அதில் இராது. அந்த உண்மை பதிவாக வேண்டுமென்றால் வேலை வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

தனியாகப் போகாதீர்கள். மூன்று பேர் நல்லது: ஒருவர் காயப்பட்டால் ஒருவர் அருகில் இருக்க, மற்றவர் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போகலாம். அசல் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். மாட்டுக்குறிப் பதிவு, காதுத் தகட்டு இலக்கங்கள், பிரதேச செயலகக் கடிதம் இருந்தால் அதுவும், எல்லாவற்றின் படமும் வீட்டில் ஒருவருடைய ஃபோனில் இருக்கட்டும். கூகுள் வரைபடத்தில் அந்தப் பகுதியை முன்கூட்டியே பதிவிறக்கிவிடுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். திரும்பும் நேரத்தையும், அது தாண்டி இரண்டு மணித்தியாலத்தில் யார் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழைப்பது என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். அழைப்பவருக்குப் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். ‘மயிலத்தமடு’ என்று மட்டும் சொன்னால் எந்தப் பொலிஸ் எல்லை என்ற கேள்வியிலேயே நேரம் போய்விடும்.

மறித்தால் ஓடாதீர்கள். கைகள் தெரிய நில்லுங்கள், கத்தியைக் கீழே வையுங்கள். மறித்தவர் யார் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பொலிஸ், வன, வனஜீவராசிகள் அதிகாரிகளுக்குச் சட்ட அதிகாரம் உண்டு. அடையாள அட்டையைக் காட்டுங்கள், அவர்களுடைய பெயரையும் நிலையத்தையும் மரியாதையாகக் கேளுங்கள். கைது என்றால் காரணம் சொல்லியாக வேண்டும்; அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. சாதாரண சட்டத்தின் கீழ் பொலிஸ் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். சீருடை இல்லாதவர்கள் தண்டப்பணம் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். ஆனால் கூட்டம் பெரிது, கையில் துவக்கு இருக்கிறது என்றால் பணத்துக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். கொடுத்துவிட்டு வந்து முறைப்பாட்டில் எழுதுங்கள். அந்த நேரத்தில் ஃபோனைத் தூக்கிப் படம் பிடிப்பதும் ஆபத்து.

இந்த மூன்று வசனங்களைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். ‘அப்பி ஹரக் பலன்ட ஆவே’: மாடு பார்க்க வந்தோம். ‘மம சிங்ஹல தன்னே நே’: எனக்குச் சிங்களம் தெரியாது. ‘தெமள கதா கரன கெனெக் இன்னவத?’: தமிழ் பேசுபவர் இருக்கிறாரா? மொழி புரியாமல் தலையாட்டிய இடத்தில்தான் செய்யாத குற்றம் ஒப்புதலாகிவிடுகிறது.

செத்த அல்லது காயப்பட்ட மாட்டைக் கண்டால், கிட்டப் போகுமுன் தரையைப் பாருங்கள். கட்டுத்துவக்கின் (கம்பியில் பட்டதும் தானே சுடும் பொறித் துவக்கு) கம்பி பாதையை மறித்தபடி இருக்கலாம். பழத்துக்குள் மறைத்த வாய்வெடி, சிங்களத்தில் ஹக்கபட்டாஸ், கடித்ததும் வெடிக்கும். தாடை சிதைந்திருந்தால் அதுவாக இருக்கலாம், இன்னொன்றும் அருகில் கிடக்கலாம். தரையில் கிடக்கும் எதையும் தொடாதீர்கள். பிறகு இந்த ஒழுங்கில் படம் எடுங்கள்: மரமோ மலையோ தெரிய மாடு முழுவதும், உரிமையாளரின் சூட்டுக்குறி, காதுத் தகடு, காயம், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து, கடைசியாகத் தோட்டா, கம்பி, சில்லுத் தடம். ஃபோனில் இட அமைவை (லொகேஷன்) போட்டுவிட்டே எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நேரமும் இடமும் அழிந்துவிடும், ‘டொக்கியுமெண்ட்’ ஆக அனுப்புங்கள், அசலை அழிக்காதீர்கள். உடலைக் கொப்புகளால் மூடிவிட்டு, அழுகுமுன் கால்நடை வைத்தியரைக் கூட்டிவாருங்கள். அவருடைய பரிசோதனை அறிக்கை இல்லாவிட்டால் ‘நோயில் செத்தது’ என்பதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இராது.

மனிதருக்குக் காயமென்றால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் காட்டுப் பாதைக்குள் வர முடியாது. உழவு இயந்திரத்தில் வெளியே கொண்டுவரும்போதே தார் வீதியில் சந்திக்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் பயத்தில் ‘விழுந்துவிட்டேன்’ என்று சொல்லாதீர்கள். தாக்கப்பட்டதாகச் சொன்னால்தான் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை நடக்கும். பிறகு மாற்றிச் சொன்னால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும்.

பொலிஸில் உங்கள் வாக்குமூலம் தமிழிலேயே எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். தமிழில் அரச அலுவல் பார்க்கும் உரிமை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. சிங்களத்தில்தான் எழுதினார்கள் என்றால், கையெழுத்துக்கு மேலே ‘சிங்களத்தில் எழுதப்பட்டது, எனக்கு வாசிக்கத் தெரியாது’ என்று தமிழில் எழுதிவிட்டு ஒப்பமிடுங்கள். தாக்கியவர்கள் இனத்தைச் சொல்லித் திட்டிய வார்த்தைகளை மெருகூட்டாமல், கேட்டபடியே சொல்லுங்கள். வெட்கப்பட்டு விட்டுவிடும் அந்த வார்த்தைகள்தான் இது வெறும் காணித் தகராறு அல்ல என்பதற்குச் சான்று. முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

தாக்கிய தனியாள் பொலிஸுக்குரிய விடயம். பொலிஸ் முறைப்பாட்டை ஏற்காவிட்டால், அல்லது அரச அதிகாரியே பாகுபாடு காட்டினால், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு, துரித இலக்கம் 1996. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறையிட்டதை மட்டும் காட்டினால் நீதிமன்றம் ஏற்காமல் போகலாம். ஆகவே திகதி முத்திரை குத்திய பிரதியோடு, விசாரணை நடக்கிறது என்ற கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.