அப்டேட் ஆனாலும் மெனு மாறாமலிருக்க

லினக்ஸ் மெனுவில் ஒரு செயலியின் பெயரையோ ஐகானையோ மாற்ற, பலரும் 'யூஎஸ்ஆர்' ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப் ஃபைலையே (செயலியின் பெயர், ஐகான், அதைத் திறக்கும் கட்டளை எல்லாம் எழுதியிருக்கும் ஃபைல்) நேராகத் திருத்திவிடுகிறார்கள். அடுத்த அப்டேட்டில் அந்த ஃபைல் புதிதாக எழுதப்படும். செய்த மாற்றமெல்லாம் போய்விடும்.

அதைத் தொடவே வேண்டாம். ஹோம் ஃபோல்டரில் புள்ளியுடன் தொடங்கி மறைந்திருக்கும் 'லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'அப்ளிகேஷன்ஸ்'. அங்கே அந்த ஃபைலை காப்பி செய்து திருத்துங்கள். ஃபைல் பெயரில் மட்டும் ஓரெழுத்துகூட மாறக் கூடாது. பெயர் ஒன்றாக இருந்தால்தான் சிஸ்டம் உங்கள் காப்பியை எடுத்துக்கொள்ளும். மாறினால் மெனுவில் ஒரே செயலி இரண்டு முறை வந்து நிற்கும்.

அப்புறம், பெரிய அப்டேட்டுக்குப் பின் அந்தச் செயலி மெனுவிலிருந்து திறக்கவில்லையா? உங்கள் காப்பியில் பழைய கட்டளை இருக்கலாம். அந்தக் காப்பியை நீக்கிவிட்டு, 'யூஎஸ்ஆர்' ஃபோல்டரில் உள்ள புதிய ஃபைலிலிருந்து மறுபடி காப்பி எடுங்கள்.