லேசான இடிதானே என்று வண்டியைக் கிளப்பாதீர்கள்: ரேடியேட்டரும் இன்சூரன்ஸ் க்ளெய்மும்

போன மழைக்காலத்தில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில், முன்னால் நின்ற லோடு வண்டியில் என் கார் மெதுவாக முட்டியது. பம்பரில் கீறல், நம்பர் பிளேட் கோணல், அவ்வளவுதான். "ஒண்ணுமில்ல சார், கிளம்புங்க" என்றார் வண்டிக்காரர். கிளம்பினேன். 12 கிலோமீட்டர் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பிறகு ரேடியேட்டருக்கு இன்சூரன்ஸ் பணம் வந்தது. சூட்டில் வளைந்த என்ஜின் ஹெட்டுக்கு (என்ஜினின் மேல் பாகம்) ஒரு ரூபாய்கூட வரவில்லை. அப்போது தெரியாமல் போனதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. என்ஜினை அணைத்துவிட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள்

பெரும்பாலான கார்களில் பம்பருக்குப் பின்னால் முதலில் ஏ.சி. கண்டென்சர், அதையொட்டி ரேடியேட்டர், அப்புறம் ஃபேன். பம்பர் உள்ளே போய்விட்டுத் திரும்பப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். உள்ளே நசுங்கியது வெளியே தெரியாது. இப்போது வரும் ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியம், இரு ஓரத்துத் தொட்டிகளும் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கில் முடியளவு விரிசல் விழுந்தால், ஆறியிருக்கும்போது ஒரு சொட்டுகூட ஒழுகாது. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் 90 டிகிரிக்குச் சூடேறி, உள்ளே அழுத்தம் கூடும்போதுதான் விரிசல் வாயைத் திறக்கும். "அஞ்சு நிமிஷம் ஓட விட்டுப் பார்த்தேன், ஒழுகல" என்பதை நம்ப முடியாதது இதனால்தான்.

தரையில் சொட்டுவது நிறமில்லாத தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீராக இருக்கலாம். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறமாக, தொட்டால் வழவழப்பாக இருந்தால் கூலண்ட். ரிசர்வ் டப்பாவில் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஒழுகலும் இல்லை, மட்டமும் சரி என்றால் மட்டும் என்ஜினைப் போட்டு ஏ.சி.யை ஆன் செய்யுங்கள். ஃபேன் சுற்ற வேண்டும், எதிலும் உரசக்கூடாது. காற்று குளிராகவே இல்லை என்றால் கண்டென்சர் போயிருக்கலாம்; அதன் முதுகிலேயே இருக்கும் ரேடியேட்டரையும் சந்தேகப்படுங்கள். டெம்பரேச்சர் முள்ளையும் முழுதாக நம்ப வேண்டாம். கூலண்ட் நிறைய வடிந்துவிட்டால் சென்சார் திரவத்தில் நனையாமல் நிற்கும், உண்மையான சூட்டைக் காட்டாது.

2. ஓட்டாதீர்கள், இழுத்துச் செல்லுங்கள்

பணத்தைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான படி. இந்தியாவின் வழக்கமான கார் பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு: விபத்துக்குப் பிறகு தேவையான ரிப்பேர் செய்யாமல் ஓட்டினால், அதனால் கூடும் சேதம் முழுவதும் உங்கள் பொறுப்பு. இடியில் உடைந்த ரேடியேட்டர் விபத்துச் சேதம். அதோடு ஓட்டி வளைந்த ஹெட் உங்கள் செலவு. டோயிங் செலவுக்கு அதே பாலிசியில் ஒரு விபத்துக்கு 1,500 ரூபாய் வரை கிடைக்கும். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் கைக்காசு போடவே வேண்டியிருக்காது.

வண்டியை ஏற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள்: இரண்டு வண்டிகளும் நம்பரோடு, தரையில் ஒழுகிய இடம், ஓடோமீட்டர். ஒர்க்‌ஷாப்பில் இறக்கியதும் ஓடோமீட்டரை இன்னொரு முறை எடுங்கள். இரண்டிலும் ஒரே எண் இருந்தால் "நீங்கள்தான் ஓட்டிக் கெடுத்தீர்கள்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

3. சர்வேயர் வரும் முன் எதையும் கழற்ற விடாதீர்கள்

அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி க்ளெய்ம் எண் வாங்குங்கள். சேதத்தை மதிப்பிட அவர்கள் அனுப்பும் ஆள்தான் சர்வேயர். பம்பரைக் கழற்றும்போது முடிந்தால் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். முதல் எஸ்டிமேட்டில் பம்பரும் கிரில்லும்தான் இருக்கும். உள்ளே புதிதாகச் சேதம் தெரிந்தால் கூடுதல் எஸ்டிமேட் போட்டு, சர்வேயர் மறுபடி பார்த்த பிறகே வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டருக்கு, அழுத்தம் ஏற்றி ஒழுகலைப் பார்க்கும் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள்.

"இது பழைய லீக்" என்று கம்பெனி தரப்பில் சொல்வார்கள். பழைய ஒழுகலைச் சுற்றி உலர்ந்த கறை படிந்திருக்கும். புது விரிசல் சுத்தமாக இருக்கும். அதை அருகில் போய்ப் போட்டோ எடுங்கள். கூலண்ட் மாற்றிய சர்வீஸ் பில் இருந்தால் அதையும் நீட்டுங்கள்.

4. கணக்கைச் சரிபாருங்கள்

ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு) இல்லாத பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிப்பார்கள். உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்து. 4 வருடம் தாண்டி 5 முடியாத வண்டி என்றால் 35 சதவீதம். ரேடியேட்டரை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். இதுபோக 1,500 சிசி வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் உங்கள் பங்கு. பில் சின்னதாக இருந்தால் க்ளெய்மே போடாமல் நோ க்ளெய்ம் போனஸை (க்ளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) காப்பாற்றுவது லாபமாக இருக்கலாம்.

என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு இருக்கிறது என்று மிதப்பாக இருக்க வேண்டாம். பல பாலிசிகளில் அது உள்ளே தண்ணீர் புகுந்ததற்கும் ஆயில் ஒழுகியதற்கும்தான். வரியைப் படித்துப் பாருங்கள்.

5. மறுத்தால்

வாயால் சொன்ன மறுப்பை ஏற்காதீர்கள். காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், சர்வே ரிப்போர்ட்டின் நகலையும் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதியலாம். கம்பெனி மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவர்) போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

நான் அதுவரை போகவில்லை. இடித்த பிறகு 12 கிலோமீட்டர் ஓட்டினேன் என்று க்ளெய்ம் படிவத்தில் என் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தேன்.